பெயருக்கு முந்திய மூச்சு

இந்தக் கதையில் யாருடைய பெயரும் வராது. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம், பயம்தான். எங்கள் வீட்டில் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு நேரமும் ஒரு வாயும் இருந்தன.

ஊடக வரலாற்று ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கிற கல்விச் சங்கம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. பழைய பத்திரிகைகள், அச்சுக்கூடங்கள், வானொலி நாடகங்கள் என்று எழுதுகிறவர்களுக்கு அது போகும். போர் முடிந்து சில காலம் கழித்து அது எனக்குக் கிடைத்தது. நான் எழுதியது வானொலி மரண அறிவித்தல்களின் வரலாறு. தலைப்பைச் சொன்னதும் ஆட்களின் முகம் மாறும். “உனக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே?” என்று என்னோடு படிப்பிக்கிறவர்களே கேட்டார்கள். கிடைக்காமல் என்ன? எனக்குத்தான் வேறு எதுவும் தெரியாது. நான் வளர்ந்ததே அந்தக் குரலுக்குள்தான்.

நாங்கள் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் வந்து குந்தினவர்கள். வர முதலே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, அண்ணா, நான் என்று மூன்று பேர். கற்பிட்டி வீதியிலிருந்து உப்புநீர்க் களப்புப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. சுற்றிவர மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். எல்லா வீட்டிலும் ரேடியோ இருந்தது. எல்லா ரேடியோவும் காலையில் ஒரே நேரத்தில் மரண அறிவித்தலுக்குத் திறக்கும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது ஒரு சொல்லும் தவறாது. ஒரு யன்னலில் பிறப்பிடம், அடுத்த வேலிக்குப் பின்னால் வசிப்பிடம், முடக்குக் கடையில் பெயர். அதை வாசிக்கிற மனிதர் என் பின்னாலேயே நடந்து வருகிறார் என்றுதான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஊர் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட, என்று. பிறகுதான் பெயர். நம் ஊர் பிறப்பிடமாக வந்துவிட்டால் போச்சு. செத்தவர் தெரிந்தவர்தான், யார் என்பதுதான் பாக்கி. மற்ற அறிவிப்பாளர்கள் அந்த இடத்தை ஓடிக் கடந்துவிடுவார்கள். நான் சொல்கிற அந்த வாசிப்பாளர் மட்டும் அங்கே ஒரு மூச்சு எடுப்பார். பெயருக்கு முன் ஒரே ஒரு மூச்சு. அது மைக்கில் விழும். அந்த மூச்சு முடியும்வரை ஒழுங்கை முழுவதும் அசையாது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எழும்பி நிற்பார். தாளிக்கிற சத்தத்தில் ஒரு பெயர் தவறிவிடக் கூடாதாம். அந்த நேரத்தில் வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டால் அந்தக் குரலுக்குக் கேட்டுவிடும் என்பது அம்மாவின் கணக்கு. “டேய்”, “எடியே”, “இஞ்சை வா”, அவ்வளவுதான். நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்கும் இந்த விசர் தொற்றி, அவவும் அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கைதட்டித்தான் கூப்பிடுவா. புதிதாக எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறவர்கள் காலையில் வெறும் கைதட்டல்களைக் கேட்டு என்ன கோதாரி என்று முழிப்பார்கள்.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் வன்னிக்குப் பாதை திறந்தபோது, ஊரில் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணா போனார். பாதை திரும்பவும் பூட்டிக்கொண்டது. போர் முடிந்தது. அண்ணா வரவில்லை. அம்மா முகாம் முகாமாக அலைந்தார். கண்டனாங்கள் என்றார்கள் சிலர். எங்கே என்றால் ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். கடைசியாக வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிவிட்டு அம்மா சொன்னது இதுதான்: “றேடியோவிலை சொல்லேல்லைத்தானே.”

அதன் பிறகு அண்ணாவின் பெயர் எந்த நேரத்திலும் சொல்லப்படாத பெயராகிவிட்டது. அம்மா காலையில் அடுப்பை அணைப்பது மட்டும் நிற்கவில்லை. அறிவித்தல்களில் வசிப்பிடம் இப்போது லண்டன், டொரொன்ரோ என்று வரத் தொடங்கியிருந்தது. குரலும் வேறு ஆட்களுடையது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். “இப்ப வாசிக்கிறதுகளுக்கு மூச்சே இல்லை” என்று அம்மா குறைப்படுவார். ஆனாலும் நின்றபடிதான் கேட்பார்.

ஆய்வுக்காகப் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்தேன். செத்துப்போனவர்களின் அறிவித்தலைச் சொந்தக்காரர்கள் ரேடியோவிலிருந்து பதிந்து வைத்திருந்தார்கள். கலியாணப் பாட்டுக்குப் பின்னால், பள்ளிவாசல் பயான் பேச்சுக்குப் பின்னால், கோவில் திருவிழாவுக்கு நடுவில் என்று அந்தக் குரல் எங்கெங்கோ கிடந்தது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். அந்த மூச்சு எவ்வளவு நீளம், யுத்தம் கூடக்கூட அது நீண்டதா என்று பார்க்க வேண்டும். அதற்காக மூச்சுகளை மட்டும் வெட்டி எடுத்து ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோர்த்தேன். பெயர்கள் இல்லை, ஊர்கள் இல்லை. ஒரு மத்தியானம், வெயில் கண்ணைக் குத்துகிற நேரம், வீட்டில் இருந்து அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா குசினியிலிருந்து கையில் கத்தியோடு வந்தார்.

“ஆரடி உள்ளை மூச்சு விடுறது?”

“ஒருத்தருமில்லை அம்மா. இது ஆராய்ச்சிக்கு.”

கணினி மூச்சு விட்டது. இன்னொரு முறை விட்டது. அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார், அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தார். நானே வெட்டி ஒட்டிய சத்தம், நானே ஓடிப்போய் நிறுத்தினேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு வந்த அமைதியில் எங்கள் இருவருடைய மூச்சும் கேட்டது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

“அதை அழிச்சுப் போடாதை” என்றார் அம்மா. “கொண்ணன் அந்த மூச்சுக்குள்ளைதான் இருக்கிறான்.”

பெயர் வரவில்லை, ஆகவே ஆள் இருக்கிறான். அம்மாவின் உலகம் முழுவதும் அந்த ஒரு மூச்சின் மேல் நின்றுகொண்டிருந்தது. நானோ அதற்குள் அளவுகோலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசிப்பாளரைச் சிலாபத்துக்குப் பக்கத்தில், கடலோரக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில், மகளோடு இருக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். மெலிந்த மனிதர். சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். சந்தைக்குப் போனால் மீன்காரர்கள் அவருக்கு முதலில் மீனைக் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். அன்பினால் என்று நினைத்தேன். மகள் சிரித்தா. “பேர் சொல்லிக் கூப்பிட்டுருவார் எண்ட பயம் மிஸ். சிங்கள ஆக்களுக்குக்கூடப் பயம். ஆரோ சொல்லிக் குடுத்திட்டாங்க.”

எனக்கும் போகப் போக விளங்கியது. அந்த மனிதருக்கு வேறு குரல் இல்லை. தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று சொன்னாலும் யாரோ போய்விட்ட மாதிரியே இருக்கும். என்னை மகள் என்றுதான் கூப்பிட்டார். தன் மகளையும் மகள் என்றுதான் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து திரும்புவோம்.

கடைசி நேர்காணலை எங்கள் வீட்டில் வைக்கலாமா என்று அவரே கேட்டார். தான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த வீடு ஒன்றை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். நான் முதலே சொல்லி வைத்தேன்: “ஐயா, எங்கடை வீட்டிலை சொல்லக் கூடாத பேர் ஒண்டு இருக்கு.” அண்ணாவின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் காட்டினேன், தற்செயலாகவும் வந்துவிடக் கூடாதே என்று. அவர் அதைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். “விளங்குகிறது மகள்” என்றார்.

அவர் வந்த அன்று அம்மா அண்ணாவின் படத்தைக் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டார். தானும் குசினித் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். வெளியே வெயில். பக்கத்து வீட்டில் ராத்தா மா இடித்துக்கொண்டிருந்தா. அவர் உள்ளே மேசையடிக் கதிரையில் இருந்து வாயைத் திறந்ததும் உலக்கைச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டில் தண்ணீர் மோட்டர் நின்றது. எங்கோ ஒரு கைதட்டல் கேட்டது. யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். ரேடியோ இல்லை, காலை நேரமும் இல்லை. ஒழுங்கை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“அத்தாட்சி இல்லாமல் வாசிப்பதில்லை மகள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “மரணப் பத்திரம் வேண்டும். ஒரு முறை ஏமாந்துவிட்டோம். காணிச் சண்டையில் ஒருவர், உயிரோடிருக்கும் தன் மைத்துனருக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டார். நான் வாசித்துவிட்டேன். மறுநாள் அந்த மனிதரே வானொலி வாசலில் வந்து நின்று கத்தினார். திருத்தம் வாசித்தோம்.”

“பிறகென்ன, சரிதானே ஐயா?”

“இல்லை. ஊரில் அவரோடு ஒருவரும் சரியாகக் கதைக்கவில்லையாம். கடையில் சாமானைக் கொடுத்துவிட்டுக் காசை நிலத்தில் வைக்கச் சொன்னார்களாம். வாசித்தது வாசித்ததுதான் என்றார்களாம். அந்த மாரி மழை முடிவதற்குள்ளேயே மனிதர் போய்விட்டார். இரண்டாம் தடவையும் நானே வாசித்தேன்.” அவருக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். திரை அசைந்தது. அம்மா ஒரு கையை மட்டும் நீட்டி ஒரு கிளாஸ் சுடுதண்ணீரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அவர் போனபின் அம்மா கேட்டார், “அந்த மனுசனுக்கு என்ன வயசிருக்கும்?” அடுத்த கிழமையும் கேட்டார், “இருமல் எப்பிடியாம்?” இவ்வளவு காலம் பயந்த மனிதர் மேல் இரக்கம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு படித்தும் எனக்கு அவ்வளவுதான் ஓடியது.

விருது அறிவித்தார்கள். அந்த மூச்சு பற்றிய அத்தியாயத்தைத்தான் நடுவர்கள் மெச்சியிருந்தார்கள். தலைநகருக்கு வெளியேயும் விழா வைக்க வேண்டும் என்று அந்த வருடம் சங்கத்துக்கு ஞானம் பிறந்து, புத்தளத்திலேயே ஒரு மண்டபம் எடுத்தார்கள். கொழும்பில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பாராட்டுரையை வாசிக்க, ஆய்வின் நாயகரான அந்த வாசிப்பாளரையே அழைத்தார்கள். செயலாளர் நல்ல மனிதர், ஆனால் வாழ்நாளில் ஒரு மரண அறிவித்தலை நின்று கேட்டவர் இல்லை. “என்ன பொருத்தம் பாருங்கள்!” என்று தொலைபேசியில் குதூகலித்தார். அட கடவுளே என்று நான் தலையில் கை வைத்தேன். என் பெயர் அந்த வாயிலிருந்து வரப்போகிறது. அம்மா தாங்க மாட்டார், அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று தீர்மானித்தேன்.

“நான் வருவன்” என்றார் அம்மா.

“அம்மா, அந்த ஐயா வாசிக்கப் போறார்.”

“தெரியும். அதுக்குத்தான் வாறன்.”

அலுமாரியிலிருந்து நல்ல சீலையை எடுத்து முதல் நாளே வெயிலில் போட்டார். ஒழுங்கையிலிருந்து ஒரு வாடகை வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். ராத்தா ஏறும்போதே எச்சரித்தா: “புள்ள, அந்த மனிசன்ட வாயில என்ட பேர் மட்டும் விழாமப் பாத்துக்க. ஒன்ட பேரு ஒன்ட பாடு.”

மண்டபம் களப்பைப் பார்த்தபடி இருந்தது. பின்னேரக் காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர்கள் பேசினார்கள், ஊடக வரலாற்றின் முக்கியத்துவத்தை ஆளுக்கொரு தடவை விளக்கினார்கள். கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தது சனம். பிறகு அவர் எழும்பி ஒலிவாங்கிக்கு வந்தார். செயலாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். முதலே பார்த்துவிட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பார்த்தால் குரல் கலங்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“முல்லைத்தீவைப் பிறப்பிடமாகவும்” என்று தொடங்கினார், “புத்தளத்தை வசிப்பிடமாகவும் கொண்ட...”

மூச்சு எடுத்தார். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் கதிரையில் நிமிர்ந்தது. கதவு அடிக்கிற சத்தம்கூட நின்றுபோன மாதிரி எனக்குப் பட்டது. பிறகு என் பெயர் வந்தது, முழுப் பெயர், சுத்தமாக, ஒரு எழுத்தும் சிதறாமல். மேடையில் கதிரையில் இருந்தபடி என் மரண அறிவித்தலை நானே கேட்டேன். பின்வரிசையில் ஒரு வயதான முஸ்லிம் நானா பழக்கதோஷத்தில், சாவுச் செய்திக்குச் சொல்கிற “இன்னா லில்லாஹி...” என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். மண்டபம் சிரிப்பில் வெடித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது என் கை என் மணிக்கட்டில் நாடியைத் தேடிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா சிரிக்கவில்லை. முன்வரிசையில் நேராக இருந்தார்.

அவர் தொடர்ந்து வாசித்தார். ஆய்வின் தலைப்பு, அத்தியாயங்கள், நடுவர்களின் கருத்து. எல்லாமே துக்கச் செய்திதான் அந்தக் குரலில். முடிகிறது என்று நான் எழும்பத் தயாரானேன்.

“இவ்வாய்வு அவரது அன்புத் தாயாருக்கும், முல்லைத்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட அவரது பாசமிகு சகோதரர்...”

மூச்சு எடுத்தார். அந்த மூச்சு முடியவில்லை.

சமர்ப்பணப் பக்கம். நான்தான் எழுதினேன், அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் என்று அண்ணாவின் பெயரோடு. புத்தகத்துக்குள் சத்தமில்லாமல் கிடக்கிற பெயர்தானே என்று எழுதியது. அதை யார் இந்தத் தாளில் ஏற்றினார்கள்? பிறப்பிடம் என்று நான் எழுதவே இல்லையே. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று மடித்துத் திருப்பித் தந்த துண்டு அவருக்கு நினைவிருந்தது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாழ்நாள் முழுவதும் ஓர் இடத்திலும் தடக்குப்படாத மனிதர் தாளைக் கீழே இறக்கினார். ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது.

பாவம் செயலாளர். வரி தவறிவிட்டதாக்கும் என்று எழும்பிப் போய், அந்தப் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“வாசியுங்கோ ஐயா.”

அம்மா எழும்பி நின்றார். காலையில் குசினியில் நிற்கிற அதே நிலை, கை இரண்டும் சீலைத் தலைப்பில்.

“அம்மா!” என்றேன்.

“அவளைப் பாக்காதேங்கோ. பெத்தவள் நான் சொல்லுறன். நான்தான் எழுதச் சொன்னது. வாசியுங்கோ.”

அவர் கண்ணாடியைச் சரி செய்தார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார், முல்லைத்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட என்று. பெயருக்கு முன் மூச்சு எடுத்தார். பிறகு அண்ணாவின் பெயரைச் சொன்னார். அப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுதாக. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை நான் காதால் கேட்கிறேன். ‘சமர்ப்பணம்’ என்றுதான் அந்த வசனம் முடிந்தது. ஆனால் மண்டபத்தில் இருந்த யாருக்கும் அந்தச் சொல் கேட்டிருக்காது. ராத்தா எழும்பி முக்காட்டை இழுத்துவிட்டா. பக்கத்தில் இருந்தவர் எழும்பினார். ஒழுங்கைச் சனம் ஒவ்வொருவராக எழும்பி நின்றது. கொழும்பிலிருந்து வந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமல் எழும்பினார்கள். எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போது அம்மா மட்டும் மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார்.

அதற்குள்தான் எனக்குக் கேடயம் தந்தார்கள். படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் எங்கே பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. செயலாளர் வந்து கையைப் பிசைந்தார். விவரம் சரிபார்க்க வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது, சமர்ப்பணத்தையும் சேர்க்கும்படி அம்மாதான் சொன்னாராம். பிறப்பிடத்தையும் அவரே சொல்லி, இரண்டு தரம் திருப்பி வாசிக்க வைத்தாராம்.

திரும்பும்போது வானுக்குள் நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம்தான். என் விழாவை இழவு வீடாக்கிவிட்டார் என்று எரிச்சல், அதோடு அண்ணா போய்விட்டார் என்ற அழுகை, இரண்டும் ஒன்றாக வந்தன. பாலாவி கடந்து உப்பளப் பக்கம் வந்தபோது அம்மாவே வாய் திறந்தார்.

“அத்தாட்சி கேக்காமல் வாசிக்கிற இடம் அந்த மேடை ஒண்டுதானே, பிள்ளை. றேடியோக்காரருக்குப் பத்திரம் வேணும். நான் எங்கை போவன் பத்திரத்துக்கு? எவ்வளவு காலத்துக்கு அவனை அந்த மூச்சுக்குள்ளை நிப்பாட்டி வைக்கிறது? அந்த மனுசனும் இருமிக்கொண்டு கிடக்கு. அவர் போயிட்டா ஆர் என்ரை பிள்ளையை ஒழுங்கா வாசிக்கிறது?”

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது. ராத்தா முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே மூக்கை உறிஞ்சினா.

ஒழுங்கையில் இறங்கியதும் அம்மா வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை. சுற்றிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனார். நல்ல சீலையோடேயே நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினார். ஊற்றும்போது அண்ணாவின் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்ப, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, பயமில்லாமல். வேலிக்கு அப்பால் யாரும் கைதட்டவில்லை.

நான் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் ஏறப் போனேன்.

“அதோடை உள்ளை போகாதை” என்றார் அம்மா, நனைந்த தலையோடு. “அதை வெளியிலை வைச்சிட்டு வா. நீயும் தோஞ்சிட்டு உள்ளை போ.”

கேடயத்தைத் துணி தோய்க்கிற கல்லில் வைத்தேன். அம்மா வாளியை என்னிடம் நீட்டினார்.